விடுமுறைக்கு எங்கே போகிறோம்?

பள்ளி விடுமுறை முடிந்த முதல் நாள். கரும்பலகையில் 'நான் விடுமுறையைக் கழித்த விதம்' என்று தலைப்பு எழுதப்படுகிறது. அடுத்த அரைமணி நேரத்தில் முப்பது கட்டுரைகள் பிறக்கின்றன. அதிகாலையில் துயிலெழுந்தோம், நீராடிப் புத்தாடை அணிந்தோம், பேருந்தில் ஏறினோம், இயற்கை அழகைக் கண்டு களித்தோம், படம் எடுத்துக்கொண்டோம், களைப்புடன் வீடு திரும்பினோம். ஊரின் பெயரை மாற்றிவிட்டால் கேமரன் மலைக்கு எழுதியது இலண்டன் மாநகருக்கும் பொருந்தும்.

ஆண்டுகள் பலவாக இத்தகைய கட்டுரைகளைத் திருத்தி, ஓரத்தில் 'நன்று' என்று எழுதியவன் நான். ஆதலால் என் குற்றச்சாட்டு மாணவர் மீது அன்று. முதலில் என் மீது; அடுத்து, என்னைப் போன்ற ஆசிரியர் மீதும் பெற்றோர் மீதும். கண்ணுள்ள பிள்ளைகளை நாம்தாம் கண்ணைக் கட்டி ஊர் சுற்றிக் காட்டுகிறோம்.

பயணம் வேண்டா என்பவன் அல்லேன். ஆண்டு முழுதும் உழைத்தவனுக்கு ஓய்வு தேவை. இளைஞனுக்குத் தொலைதூர நாடு காணும் துணிவு தேவை. இவற்றை எவர் மறுப்பர்? நான் மறுப்பது ஒன்றே ஒன்றைத்தான். தூரம் மிகுந்தால் பெருமை மிகும், செலவு மிகுந்தால் சிறப்பு மிகும் என்று எண்ணி, நம் முன்னோர் வாழ்ந்து மடிந்த மண்ணை மிதித்தும் அறியாமல் திரும்புகிறோமே, அந்தப் பேதைமையைத்தான் மறுக்கிறேன்.

ஓய்வுக்குப் போகும் இடத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். கேமரன் மலையில் பச்சைப் பட்டு விரித்தாற்போல் தேயிலைச் செடிகள் சரிவெங்கும் படர்ந்திருக்கின்றன. அந்த அழகு தானாக விளைந்ததா? அங்கே 1929ஆம் ஆண்டில் வாணிகத் தேயிலைத் தோட்டம் தொடங்கியபோது அது அடர்ந்த காடு. அக்காட்டைத் திருத்தி, குளிரில் கொழுந்து கிள்ளிக் கூடை சுமந்தவர்களில் தமிழர் பலர். இன்று இலை பறிப்போருள் பலர் வேறு நாடுகளிலிருந்து வந்த ஏழைகள். தேநீர்க் கடையின் மாடத்தில் நின்று படம் எடுக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு, இந்தச் சரிவில் நின்றவர் யார் என்று ஒரு சொல் சொன்னோமா? சொல்லியிருந்தால் அவன் ஓய்வு கெட்டா போயிருக்கும்?

அடுத்துக் கெடா மாநிலத்துக்கு வருவோம். குனோங் ஜெராய் மலையடியில் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. மெர்போக்கில் அரும்பொருளகம் இருக்கிறது; புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல்லடித்தளத்தை அங்கே இன்றும் காணலாம். சுங்கை பத்துவில் பழங்கால இரும்பு உருக்குத் தொழிலின் தடயங்களை அகழ்ந்தெடுத்துள்ளனர். முதலாம் இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பில் வென்ற கடாரம் இந்தக் கெடாவே என்று அறிஞர் கொள்கின்றனர். கடாரம் கொண்டான் என்று மேடையில் முழங்காத தமிழன் உண்டா? ஆனால் முழங்கிய வாயர் எத்தனை பேர் மெர்போக்கின் படியை ஏறியிருக்கின்றனர்? தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வானூர்தி ஏறிப் போகிறோம். அக்கோயிற் கல்வெட்டு கூறும் கடாரத்துக்குப் பேருந்து ஏறிப் போக மனம் வரவில்லை. அக்கரைக்கு இக்கரை பச்சை என்பர். நமக்கோ இக்கரை கண்ணிலேயே படவில்லை.

போனால் வெற்றிப் பெருமிதம் மட்டும் கொள்க என்றும் சொல்லேன். படையெடுப்புக்கு முன்னரே கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் எழுப்பினான். அதற்கு இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரையே அறக்கொடையாக வழங்கினான். இரு கரையும் கொண்ட நட்பையும் வணிகத்தையும் அம்மண்ணில் நின்று கற்கலாம். கற்காமையால் நேர்வது யாது? 2013ஆம் ஆண்டின் இறுதியில், அப்பள்ளத்தாக்கின் பதினோராம் எண் கோயிற் சிதைவு, நில மேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்டது என்ற செய்தி வெளிவந்தது. அன்று நாடெங்கும் கண்டனம் எழுந்தது. நாமும் குரல் கொடுத்தோம். இடிந்த பின்னர் அழுதவருள் இருந்தபோது போய்க் கண்டவர் எத்தனை பேர்? கண் கெட்ட பின் சூரிய வணக்கம் எதற்கு?

இனித் தொலைதூரப் பயணம். தாய்லாந்துக்குப் போகாத குடும்பம் இன்று அரிது. பாடாங் பெசார் எல்லையில் மாறி, பாங்காக் நோக்கிச் செல்லும் இரயிலில் படுத்துறங்கிப் போகிறோம். அந்த இருப்புப் பாதை பான்போங் என்னும் ஊரைக் கடக்கிறது. 1943ஆம் ஆண்டில் இதே பாதை வழியாகத்தான் மலாயாத் தோட்டத் தமிழர் சரக்குப் பெட்டிகளில் அடைக்கப்பட்டுச் சென்றனர். நல்ல கூலி, சில மாத வேலை என்று ஆசை காட்டிச் சிலரையும், வலிந்து பிடித்துச் சிலரையும் ஜப்பானியர் கொண்டுபோயினர். பான்போங் முதல் பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் நீளம் இருப்புப் பாதை போடப்பட்டது. பட்டினியும் அடியும் மழைக்காலத்து வாந்திபேதியும் அவர்களைக் கொன்றன. போர்க்கைதிகள் ஏறத்தாழ 13,000 பேரும், ஆசியத் தொழிலாளர் 80,000 முதல் 1,00,000 பேர் வரையும் மாண்டனர் என்பது மதிப்பீடு. இந்த ஆசியருள் பெருந்தொகையினர் நம்மவர். நம் தோட்டங்களில் 'சயாமுக்குப் போனவர்' என்றால் திரும்பாதவர் என்றே பொருள்.

அந்தப் பாதையின் பாலம் காஞ்சனபுரியில் நிற்கிறது. நம்மவர் அதன்மேல் நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொள்கின்றனர். கேட்டால், 'சினிமாவில் வந்த பாலம்' என்கின்றனர். 1957இல் வந்த அத்திரைப்படம் படமாக்கப்பட்டது இலங்கையில்! அதில் பாலம் கட்டுவோர் வெள்ளைக்காரக் கைதிகள்; நம் பாட்டனுக்கு அதில் இடமில்லை. படத்தின் புகழால், பாலத்தடியில் ஓடும் ஆற்றின் பெயரையே 1960களில் குவாய் என்று மாற்றினர். பொய்க்கதைக்கு ஆறு பெயர் மாறுகிறது. மெய்க்கதைக்கு நாம் தலைகூடத் திருப்பவில்லை.

அவ்வூர்ப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 வீரர் உறங்குகின்றனர். அறியப்பட்ட ஒவ்வொருவர்க்கும் பெயர் பொறித்த பலகை உண்டு. அப்பாதையில் ஏறத்தாழ 2,800 பேரை இழந்த ஆஸ்திரேலியர், ஆண்டுதோறும் ஏப்ரல் 25ஆம் நாள் விடியலில் கடல் கடந்து வந்து, மலையைக் குடைந்த அப்பாதைக் கணவாயில் விளக்கேந்தி நிற்கின்றனர். அவர்களுக்கும் அது விடுமுறைதான். நம் பல்லாயிரவரோ பெயரின்றிப் புதைக்கப்பட்டனர். அவர்களுக்குப் பெயர்ப்பலகை இல்லாமை ஜப்பானியர் செய்த கொடுமை. அவர்களைக் கேட்பார் இல்லாமை நாம் செய்யும் கொடுமை.

'ஓய்வுக்குப் போகும் இடத்தில் ஒப்பாரி எதற்கு?' என்பார் சிலர். பயணம் முழுவதும் அழவேண்டும் என்று யார் சொன்னார்? ஐந்து நாளில் அரைநாளை அவர்களுக்குக் கொடுங்கள் என்கிறேன். 'காசில்லாதவன் காஞ்சனபுரிக்கு எப்படிப் போவான்?' என்பார் வேறு சிலர். நேர்மையான கேள்வி. அவன் போகவேண்டிய இடம் பாட்டி பிறந்த தோட்டம். அங்கே இரப்பர் போய்ச் செம்பனை வந்திருக்கலாம். லயம் இடிந்து வீடமைப்பு எழுந்திருக்கலாம். ஆயினும் கோயிலோ, பள்ளியோ, கிணறோ ஒன்றேனும் மிஞ்சியிருக்கக்கூடும். 'இது வரலாற்றாசிரியர் வேலை, தமிழாசிரியருக்கு என்ன?' என்பார் மூன்றாமவர். 'லயம்', 'பெரட்டு', 'சயாம்' என்னும் சொற்களில் எத்தனை தலைமுறையின் வாழ்வு அடங்கியிருக்கிறது! அதைச் சொல்லித் தராதவன் இலக்கணம் மட்டும் கற்பித்து என்ன பயன்? அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்', ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' ஆகிய நாவல்களை நூலகத்தில் பூட்டிவைத்தா மொழி வளர்க்கப் போகிறோம்?

காலமும் நமக்காகக் காத்திருக்கவில்லை. 1943இல் இருபது வயதினராய் இருந்தோர் இன்றிருந்தால் நூறு வயதைக் கடந்திருப்பர். அவர்களைக் கேட்கும் வாய்ப்பை ஏறக்குறைய முற்றிலும் இழந்துவிட்டோம். அவர்களின் பிள்ளைகளும் முதுமையின் வாயிலில் நிற்கின்றனர். அவர்கள் வாய் மூடிவிட்டால், இந்நாட்டின் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் எதுவும் அக்கதையை மீட்டுத் தர இயலாது.

ஆசிரியப் பெருமக்களே, அடுத்த விடுமுறைக்கு முன்னரே கரும்பலகையில் புதிய தலைப்பை எழுதுங்கள்: 'என் முன்னோர் நின்ற ஓர் இடம்.' மாணவச் செல்வங்களே, வீட்டிலுள்ள மூத்தவரிடம் ஓர் ஊரின் பெயரைக் கேளுங்கள். இயன்றால் அவரையும் அழைத்துக்கொண்டு அங்கே போங்கள். அவர் சொன்னதையும் நீங்கள் கண்டதையும் எழுதுங்கள். 'கண்டு களித்தோம்' என்ற தொடர் அக்கட்டுரையில் வராமற்போகலாம். வராவிட்டாலும் குற்றமில்லை. அதற்குரிய மதிப்பெண்ணை நான் குறைக்கமாட்டேன்.