விலையில்லாப் பண்டமும் வழக்குமன்றமும்

ஒரு பண்டத்தை விலையின்றி வழங்குபவர்மீது வழக்குத் தொடுப்பாரும் உளரோ? உளர். 1998 மே 18ஆம் நாள் அமெரிக்க நீதித்துறையும் மாநிலங்கள் பலவும் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கு அத்தகையதே.

இணையப் பக்கங்களைத் திரையில் காட்டும் மென்பொருளை உலாவி என்கிறோம். 1994 இறுதியில் வெளிவந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர் விரைவில் முதலிடம் பெற்றது. மறு ஆண்டே மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்ப்ளோரரைக் களமிறக்கி, விண்டோஸுடன் பிணைத்து இலவசமாக வழங்கிற்று. புதுக் கணிப்பொறியை இயக்கியவுடன் அது முகப்பில் அமர்ந்திருக்கும். அதை நீக்கவோ கணிப்பொறி செய்வோருக்கு ஒப்பந்தம் இடந்தரவில்லை. வேறொன்றைத் தேடி அலைவார் யார்? 1998 ஜனவரியில் நெட்ஸ்கேப்பும் விலையைக் கைவிட நேர்ந்தது.

இத்துணை பெரிய நிறுவனம் ஒரு சிறு மென்பொருளைக் கண்டு அஞ்சியதேன்? வழக்கின் உயிர்நிலை இதுவே. பயன்பாட்டு நிரல்கள் உலாவிக்குள்ளேயே இயங்கத் தொடங்கினால், அடியில் இருப்பது விண்டோஸா, வேறொன்றா என்பது பொருட்டாகாது. அப்போது விண்டோஸின் தனியாட்சி தளரும். நீதிபதி தாமஸ் பென்ஃபீல்டு ஜாக்சன் 1999இல் இதனைத் தெளிவுற எடுத்துரைத்தார்; 2000 ஜூனில் நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்கவும் ஆணையிட்டார். 2001இல் மேல்முறையீட்டு மன்றம் குற்றத்தின் ஒரு பகுதியை உறுதிசெய்து, பிரிவினையை நீக்கியது. (செய்தியாளரிடம் தனியே உரையாடியமைக்காக நீதிபதியும் வழக்கினின்று விலக்கப்பட்டார்!) அதற்குள் நெட்ஸ்கேப் ஏஓஎல் நிறுவனத்தின் கைக்கு மாறிவிட்டிருந்தது.

இலவசமாகப் பெற்ற மக்களுக்கு இழப்பென்ன என்று சிலர் கேட்பர். 2001இல் ஆறாம் எக்ஸ்ப்ளோரர் வந்தது. ஏழாவது வந்ததோ 2006இல்தான். போட்டியாளர் வீழ்ந்தபின் வென்றவர் உறங்கிய ஐந்தாண்டுகளே அவ்விழப்பு. அவ்வுறக்கத்தைக் கலைத்தது, நெட்ஸ்கேப் பொதுவில் விட்ட மூலநிரலின் வழித்தோன்றலாய் 2004இல் வெளிவந்த ஃபயர்ஃபாக்ஸ்.

இன்று வழக்கு கூகுளின்மேல். உலாவிகளிலும் கைப்பேசிகளிலும் தன் தேடுபொறியே முதலில் நிற்பதற்காக அந்நிறுவனம் 2021இல் மட்டும் 26.3 பில்லியன் டாலர் ஈந்ததென வழக்கில் வெளிப்பட்டது. அது தேடல் துறையில் சட்டத்திற்கு மாறாகத் தனியாட்சி செய்ததென 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். ஆயினும் 2025 செப்டம்பரில் அவர் குரோம் உலாவியை விற்குமாறு பணிக்க மறுத்தார். பிறரை விலக்கும் ஒப்பந்தங்களைத் தடுத்தவர், முதலிடத்துக்குப் பணம் கொடுப்பதைத் தடுத்தாரில்லை. அஃது எனக்கு உடன்பாடன்று. எனினும் காரணமின்றி அவர் அவ்வாறு செய்யவில்லை. அப்பணம் நின்றால் தன் நிலை குலையுமென மன்றத்தில் முறையிட்டோருள் மொசில்லாவும் ஒன்று; ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் நிறுவனம் அதுவே.