கழுதைகளை ஏலம் விடாதீர்கள்

சாலையில் திரியும் கழுதையைப் பிடிப்பது, பட்டியில் அடைப்பது, கேட்டு யாரும் வராவிட்டால் ஏலம் போட்டுத் தொல்லையை முடித்துக்கொள்வது: நம் உள்ளாட்சிகளுக்குத் தெரிந்த வழி இதுதான். இதன் வேர் 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டத்தில் இருக்கிறது. ஏழு நாள் காத்திருப்பு, பிறகு ஓர் அறிவிப்பு, மேலும் ஏழு நாள், அதன்பின் பொது ஏலம். பயிரை மேய்ந்த மாட்டுக்காக வெள்ளைக்காரன் எழுதிவைத்த இந்த ஏற்பாட்டைக் கைவிடப்பட்ட கழுதைகள் மீது இன்னும் பிரயோகிப்பது தவறு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அது ஆபத்தும்கூட. ஓசூர் மாநகராட்சியில் தொடங்கி மாவட்டத்தின் எந்த உள்ளாட்சியும் இனி ஒரு கழுதையைக்கூட ஏலத்தில் விடக்கூடாது.

காரணம் இந்த மாவட்டம் இருக்கும் இடம். சென்னையிலிருந்து வரும் 48ஆம் எண் நெடுஞ்சாலை கிருஷ்ணகிரியில் 44ஆம் எண் சாலையோடு சேர்ந்து ஓசூர், சூசூவாடி, அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூருக்குப் போகிறது. 42ஆம் எண் சாலை குப்பம் வழியாக ஆந்திரத்துக்குள் நுழைகிறது. இரவில் ஏற்றினால் விடிவதற்குள் வண்டி எந்த மாநிலத்தில் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆந்திரத்தின் பாபட்லா, பிரகாசம், மேற்கு கோதாவரிப் பகுதிகளில் கழுதை இறைச்சி கள்ளத்தனமாக விற்கப்படுவதும், அதற்கு வெளிமாநிலங்களிலிருந்து கழுதைகள் கடத்திவரப்படுவதும் ஊரறிந்த சேதி. இறைச்சிக்கு உகந்தவையாக உணவுப் பாதுகாப்பு விதிகள் அனுமதிக்கும் விலங்குகளில் கழுதை இல்லை. ஆனால் தின்றால் ஓட்டத்துக்குத் தெம்பு வரும், ஆஸ்துமா போகும் என்ற நம்பிக்கை சந்தையை உயிரோடு வைத்திருக்கிறது. தோலுக்கான தேவை தனி. கழுதைத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை சீன மருந்தொன்றின் மூலப்பொருள். அதற்காக நடந்த வேட்டையைத் தாங்க முடியாமல்தான் ஆப்பிரிக்க ஒன்றியம் 2024 பிப்ரவரியில் தோலுக்காகக் கழுதை அறுப்பதைக் கண்டம் முழுவதும் தடைசெய்தது.

இந்தியாவில் 2012இல் சுமார் 3.2 லட்சம் கழுதைகள் இருந்தன. 2019 கணக்கெடுப்பில் எஞ்சியவை 1.2 லட்சம். ஏழே ஆண்டுகளில் 61 விழுக்காடு சரிவு. தொழில் மாறியது ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டுமே இவ்வளவு வேகமான சரிவைக் கொண்டுவந்திருக்காது. ஏலத்தில் கழுதையை எடுப்பவர் யார், எதற்கு எடுக்கிறார் என்று எந்த அலுவலகமும் கேட்பதில்லை. பொதி சுமக்க வேலையே இல்லாத ஊரில் காசு கொடுத்துக் கழுதை வாங்குகிறவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

கழுதை தெருவுக்கு வந்த கதையில் வில்லன் இல்லை. ஏரிக்கரைத் துறைக்கு வெளுப்புத்துணி சுமந்தது, சூளைக்குச் செங்கல் சுமந்தது, மலையூர்களுக்கு அரிசியும் உப்பும் சுமந்தது. சலவை இயந்திரம் வந்தது, துறைகள் தூர்ந்தன. ‘குட்டியானை’ வண்டி சந்துபொந்துக்குள்ளும் நுழைய ஆரம்பித்தது. சலவைத் தொழிலாளியின் பிள்ளை சிப்காட்டில் ஒப்பந்த வேலைக்குப் போனான். கழுதையோ முப்பது ஆண்டுக்கு மேலும் வாழக்கூடிய பிராணி. தீவனத்துக்கு வழியில்லாதவர் ஒரு நாள் கயிற்றை அவிழ்த்துவிடுகிறார். அண்மைத் தேர்தல்களிலும் தருமபுரி மாவட்டத்துக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதைதான் சுமந்து ஏறியது என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. 2004 வரை கிருஷ்ணகிரியும் அதே மாவட்டம்தான்.

தெருவுக்கு வரும் இன்னொரு கூட்டம் பாலுக்காக வளர்ப்பது. காலையில் குடியிருப்புத் தெருக்களில் “கழுதைப்பால், கழுதைப்பால்” என்ற குரல் கேட்கும். வாசலில் வைத்தே கறந்து சங்களவு தருவார்கள், சளிக்கும் இருமலுக்கும் நல்லது என்று. குட்டி சற்றுத் தள்ளிக் கட்டப்பட்டிருக்கும். கறவை வற்றியதும், அல்லது பிறந்தது ஆண் குட்டியானால், அதை வைத்துத் தீனி போடுகிறவர் குறைவு. மேயவிடும்போது ஓடிவிடாமல் இருக்க முன்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டுவார்கள். நைலான் கயிறு கணுக்காலில் இறங்கிப் புண்ணாகி, அதன் மேல் ஈ மொய்க்க, தத்தித் தத்திச் சாலையைக் கடக்கும் கழுதையைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. கழுதை தன் வலியை வெளியே காட்டாது. அது கத்தவில்லை, அதனால் நாமும் நிற்கவில்லை.

இனி வரப்போவது பற்றியும் கவலை உண்டு. கழுதைப்பால் பண்ணை வைத்தால் பணம் கொட்டும் என்ற பேச்சை நம்பி அதிக விலைக்குக் கழுதை வாங்கி ஏமாந்ததாக அண்மை ஆண்டுகளில் தென்மாநில விவசாயிகளிடமிருந்து புகார்கள் வந்தன. தேசிய கால்நடை இயக்கத்தில் 2024 முதல் கழுதைப் பண்ணைக்கு 50 விழுக்காடு, அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் மானியமும் உண்டு. இனம் அழியாமல் காக்க இது நல்ல திட்டமே. ஆனால் பண்ணை நொடித்தால் கழுதைகளை என்ன செய்வது என்பதற்கும் மானியம் வாங்குபவரிடம் உறுதிமொழி வாங்க வேண்டும்.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். பட்டினியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்தான். முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை! கழுதை மேல் 50 கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று 1965 விதிகள் சொல்கின்றன. ஆற்றுமணல் கடத்தலில் பிடிபடும் கழுதைகளின் முதுகில் அந்த விதி எங்கே இருந்தது? கடத்தியவர் ஜாமீனில் வெளியே வந்துவிடுவார். பிடிபட்ட கழுதையோ மறுபடி அதே பட்டிக்கும் ஏலத்துக்குமே போகும்.

ஏலம் இல்லாவிட்டால் வேறு என்ன? கொட்டில் வேண்டும். அதற்கு இடம் தேட வேண்டியதில்லை. ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் ஆயிரம் ஏக்கருக்கும் மேல் பரந்த அரசுக் கால்நடைப் பண்ணை இருக்கிறது. கம்பெனி ஆட்சியில் படைக்குதிரைகளை வளர்த்த நிலம் அது. குதிரை இனத்தைக் கையாண்ட அனுபவம் உள்ள அந்தப் பண்ணையில் சில ஏக்கர் ஒதுக்கினால் போதும். நிழல், சுத்தமான தண்ணீர், வைக்கோல், குளம்பு சீவ ஓர் ஆள், கால்நடை மருத்துவரின் வாராந்தர வருகை. கொழுத்த தீவனம் கழுதைக்கு ஆகாது, செலவும் குறைவு. ஆண் கழுதைகளுக்குக் காயடித்துவிட்டால் பெருக்கம் நிற்கும். பெட்டைக் கழுதை ஓராண்டு சுமந்து ஒரு குட்டிதான் போடும் என்பதால் இது தெருநாய்களின் பெருக்கத்தை நிறுத்துவது போல எட்டாத வேலையல்ல. பிடிக்கும்போது ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: கழுதைகள் ஜோடியாகப் பழகுபவை. துணையைப் பிரித்துவிட்டால் தீனி எடுக்காமல் கிடக்கும்; தீனி எடுக்காத கழுதைக்கு ரத்தத்தில் கொழுப்பேறி உயிரே போகலாம். சேர்ந்து திரிந்தவற்றைச் சேர்த்தே கொண்டுபோக வேண்டும்.

பணம்? இது அசோக் லேலண்டும் டைட்டனும் டிவிஎஸ்ஸும் தொழிற்சாலை வைத்திருக்கும் ஊர். நிறுவனங்கள் சட்டப்படி சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டிய இரண்டு விழுக்காட்டில் விலங்கு நலன் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. சிப்காட் வளர்ந்து மேய்ச்சல் நிலம் சுருங்கிய ஊரில் இந்தச் செலவைக் கேட்பது பிச்சை கேட்பதாகாது.

யானை வந்து பயிரை அழிக்கிறது, ஆளையும் கொல்கிறது, தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் மக்கள் இரவில் தூங்குவதில்லை, இதில் கழுதைக்குக் கொட்டில் கேட்கிறீர்களா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை மதிக்கிறோம். யானைப் பிரச்சினைக்கு ஆண்டுகளும் கோடிகளும் வேண்டும், காடும் வேண்டும். கழுதைப் பிரச்சினை ஒரு மாமன்றத் தீர்மானத்தில் முடியக்கூடியது. சின்ன வேலையை முடிப்பதால் பெரிய வேலை கெட்டுவிடாது. இருட்டில் நெடுஞ்சாலை நடுவே நிற்கும் கழுதை மீது இருசக்கர வாகனம் மோதினால் போவது மனித உயிரும்தான்.

பிற நாடுகளின் அனுபவத்தையும் பார்ப்போம். இலங்கையில் தமிழர்கள் வாழும் மன்னார் தீவில் கழுதைகள் கூட்டங்கூட்டமாகத் தெருவில் அலைகின்றன. அங்கே பிரிட்ஜிங் லங்கா அமைப்பு கழுதைகளுக்கு மருத்துவமனையும் கல்வி மையமும் தொடங்கி, மாற்றுத்திறன் குழந்தைகளைக் கழுதைகளோடு பழகவும் வைத்தது. போரில் நொந்த ஊரால் முடிந்தது இது. மறுபக்கம் அமெரிக்காவைப் பாருங்கள். காட்டுக் குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் 1971இலேயே தனிச்சட்டம் இயற்றிய நாடு அது. 2019இல் தத்தெடுப்பவருக்கு ஆயிரம் டாலர் தந்தது. வாங்கியவர்களில் சிலர் உரிமைப் பத்திரம் கைக்கு வந்ததும் அவற்றைக் கசாப்புச் சந்தைக்குத் தள்ளியதை 2021இல் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்தது. கைமாற்றியபின் கண்காணிக்காவிட்டால் தத்தும் ஏலமாகிவிடும். ஆகவே கொட்டிலிலிருந்து கழுதையைக் கேட்டு வருபவருக்கு, காதில் எண்பட்டை போட்டு, ஆண்டுக்கொரு முறை காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு, விற்கும் உரிமை இல்லாமல்தான் கொடுக்க வேண்டும்.

மாவட்டம்தோறும் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கம் இருக்க வேண்டும் என்பது 2001ஆம் ஆண்டின் விதி. ஆட்சியர் அந்தச் சங்கத்தைக் கூட்டட்டும். தெருவில் எத்தனை கழுதைகள், உரிமையாளர் உள்ளவை எத்தனை என்று கால்நடைப் பராமரிப்புத் துறை எண்ணட்டும். வைத்துக் காப்பாற்ற விரும்பும் சலவைத் தொழிலாளிக்கும் பால்காரருக்கும் இலவச மருத்துவமும் காலில் கட்டாத வேறு கட்டுமுறையும் தரட்டும். முடியாதவர் வெட்கமின்றிக் கொண்டுவந்து ஒப்படைக்க ஓர் இடம் இருக்கட்டும். மாநிலம் தாண்டும் வண்டிகளில் கழுதை இருந்தால் கால்நடை மருத்துவர் சான்றும் போய்ச்சேரும் முகவரியும் இல்லாமல் சூசூவாடியிலோ குப்பம் சாலையிலோ விடக்கூடாது. இவை நடைமுறைக்கு வரும் வரை, பட்டியில் இன்று நிற்கும் கழுதைகளின் ஏல அறிவிப்புகளை ஆணையர்கள் நிறுத்திவைக்க வேண்டும்.