திசைகாட்டிக்கும் ஒரு சாட்சி வேண்டும்

1995 ஜூன் 9 அன்று பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குப் புறப்பட்ட ‘ராயல் மெஜஸ்டி’ என்ற பயணிகள் கப்பல், மறுநாள் இரவு நான்டக்கெட் தீவுக்குக் கிழக்கே மணல்திட்டில் தரைதட்டியது. கப்பலில் 1,500-க்கும் மேற்பட்டோர் இருந்தனர். நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. போக வேண்டிய தடத்திலிருந்து அது 17 மைல் விலகியிருந்தது. புறப்பட்ட ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே ஜிபிஎஸ் ஆன்டெனாவின் கேபிள் கழன்றுவிட்டதை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை கண்டறிந்தது. சிக்னல் கிடைக்காத ஜிபிஎஸ் கருவி, திசைகாட்டி தந்த திசையையும் வேகமானி தந்த வேகத்தையும் வைத்துக் கப்பல் எங்கே இருக்கக்கூடும் என்று தானே கணக்குப் போட ஆரம்பித்தது. காற்றும் நீரோட்டமும் கப்பலைத் தள்ளியது அந்தக் கணக்கில் ஏறவில்லை. திரையின் ஓரத்தில் சிறிய எழுத்துகளில் வந்த எச்சரிக்கை எவர் கண்ணிலும் படவில்லை. அதிகாரிகள் சும்மா இருந்துவிடவில்லை. மணிக்கொரு முறை கப்பலின் இடத்தை வரைபடத்தில் குறித்தார்கள். ராடார் திரை காட்டிய இடமும் ஜிபிஎஸ் காட்டிய இடமும் ஒன்றாக இருப்பதைப் பார்த்து நிம்மதியடைந்தார்கள். ராடாருக்கு இடத்தைச் சொன்னதே அந்த ஜிபிஎஸ்தான். கரை நிலையங்களின் வானொலி சிக்னலைக் கொண்டு தனி வழியில் இடத்தைச் சொல்லும் லோரான் கருவி அதே பிரிட்ஜில் (கப்பலை ஓட்டும் அறையில்) இருந்தும், அதோடு ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

ஒரே கடிகாரத்தைப் பார்த்து நான்கு பேர் ஒரே நேரத்தைச் சொன்னால், அது நான்கு சாட்சி ஆகாது. கப்பல் பிரிட்ஜில் இந்த விவேகத்தை அன்றாடப் பழக்கமாக்கியிருக்கும் வேலை ஒன்று உண்டு: திசைகாட்டியின் பிழையைக் கண்டறிந்து குறித்துவைப்பது. மாலுமிகளின் பயிற்சி, பணிக்காவல் குறித்த சர்வதேச விதித்தொகுப்பு, ஒவ்வொரு வாட்சிலும் (காவல் பணி முறையிலும்) குறைந்தது ஒரு முறையும், முடிந்தால் கப்பல் பெரிய அளவில் திசை மாறிய பிறகும் இதைச் செய்யச் சொல்கிறது. திரைகள் பெருகிவிட்ட இன்று இந்த விதி பழைய காலத்தின் மிச்சமாகவே பலருக்குத் தெரிகிறது. முன்னெப்போதையும்விட இப்போதுதான் இது அதிகம் தேவைப்படுகிறது என்பது என் வாதம்.

திசைகாட்டி பிழையாகக் காட்டுவது கோளாறு அல்ல, அதன் இயல்பு. காந்த ஊசி உண்மையான வடக்கைக் காட்டுவதில்லை. பூமியின் காந்தப்புலம் இழுக்கும் பக்கம் நிற்கிறது. இந்த விலகல் இடத்துக்கு இடம் வேறுபடும். சென்னைக் கடற்கரையில் ஓரிரு டிகிரிதான். ஆப்பிரிக்காவின் தென்முனைக் கடலில் ஏறத்தாழ 25 டிகிரி. ஆண்டுக்கு ஆண்டும் மாறும். வட காந்த முனை எதிர்பார்த்ததைவிட வேகமாக நகர்ந்ததால், ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கும் உலகக் காந்த மாதிரியை 2019-இல் இடையிலேயே திருத்த வேண்டியதாயிற்று. இதற்கு மேல் கப்பலின் சொந்த இரும்பும் ஊசியை இழுக்கிறது. 1854 ஜனவரியில் லிவர்பூலிலிருந்து மெல்போர்னுக்குப் புறப்பட்ட ‘டெய்லர்’ என்ற புதிய இரும்புக் கப்பல், தெற்கே போவதாக நம்பி மேற்கே போய், டப்ளின் அருகே லாம்பே தீவுப் பாறையில் மோதி நூற்றுக்கணக்கான உயிர்களைப் பலிகொண்டது. இரும்புக் கப்பலின் காந்தத்தை ஈடுசெய்யும் முறையை வானியலாளர் ஜார்ஜ் ஏரி 1838-லேயே பரிசோதித்துக் காட்டியிருந்தார். முறை தெரிந்திருந்தும் பயனில்லை. அந்தந்தக் கப்பலில், அந்தந்தப் பயணத்தில் சரிபார்த்தால்தான் பயன் உண்டு. சரக்கு மாறினாலும், ஒரே திசையில் கப்பல் நெடுநாள் கட்டப்பட்டிருந்தாலும், மின்னல் தாக்கினாலும் நேற்றைய அளவு இன்று செல்லாது.

“இப்போது யார் காந்த ஊசியைப் பார்த்து ஓட்டுகிறார்கள், கைரோ திசைகாட்டி இருக்கிறதே” என்று கேட்கலாம். சுழலும் சக்கரத்தைக் கொண்டு வடக்கைக் கண்டறியும் கைரோவுக்குக் காந்தத் தொல்லை இல்லைதான். ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும். நிறுத்திவிட்டு ஓட்டினால் நிலைப்பட மணிக்கணக்காகும். கப்பலின் வேகத்துக்கும் அட்சரேகைக்கும் ஏற்பத் திருத்தம் கொடுக்க வேண்டும். அந்தத் திருத்தத்தையே இன்று பல கைரோக்கள் ஜிபிஎஸ்ஸிடமிருந்து வாங்கிக்கொள்கின்றன. ராடார், மின்னணு வரைபடம், ஆட்டோபைலட், பக்கத்துக் கப்பல்களுக்கு நம் திசையை அறிவிக்கும் ஏஐஎஸ் ஆகிய அனைத்துக்கும் வடக்கைச் சொல்வது கைரோதான். அது ஒரு டிகிரி தவறினால் எல்லாத் திரைகளும் ஒற்றுமையாக ஒரு டிகிரி தவறும். கடலில் 60 மைலுக்கு ஒரு டிகிரி என்பது ஒரு மைல். 15 நாட் வேகத்தில் போகும் கப்பலுக்கு அது நான்கு மணி நேர வாட்சின் கணக்கு. கப்பல் போக்குவரத்து நெரிசலான சிங்கப்பூர் ஜலசந்தியில் ஒரு மைல் சின்னத் தூரம் அல்ல.

ஜிபிஎஸ் இருக்கும்போது இந்த விலகல் உடனே தெரிந்துவிடுமே என்பது வலுவான ஆட்சேபம். ஜிபிஎஸ் சரியாக இருக்கும்வரை அது உண்மை. 2017 ஜூனில் கருங்கடலில் நோவோரசிஸ்க் அருகே நின்ற சுமார் 20 கப்பல்களின் ஜிபிஎஸ், அவை நிலத்துக்குள்ளே ஒரு விமான நிலையத்தில் இருப்பதாகக் காட்டியது. போர்ப் பதற்றமுள்ள கடல்களில் சிக்னலை அடைப்பதும் பொய் சிக்னல் அனுப்புவதும் இன்று அன்றாடச் செய்தி. ஜிபிஎஸ்ஸைப் படைத்த நாடே வானியல் வழிகாணலைத் தன் கடற்படைக் கழகப் பாடத்திலிருந்து நீக்கிவிட்டு 2015-இல் மீண்டும் சேர்த்தது. செயற்கைக்கோள் திசைகாட்டி வந்துவிட்டதே என்பதற்கும் பதில் இதுதான்: அதுவும் அதே செயற்கைக்கோள்களைத்தான் நம்பியிருக்கிறது.

‘ராயல் மெஜஸ்டி’யின் சிக்கல் திசைகாட்டியில் இல்லையே என்று வாசகர் கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. திசைகாட்டியைச் சோதிப்பதால் மட்டும் ஜிபிஎஸ்ஸின் பொய் வெளிப்பட்டுவிடாது. ஆனால் அந்தப் பொய்யைக் கண்டுபிடிக்க மாலுமியிடம் இருக்கும் வழிகளைப் பாருங்கள். கலங்கரை விளக்கத்தின் திசையை எடுப்பது, ராடாரில் முனையின் திசையைப் பார்ப்பது, வேகத்தையும் திசையையும் வைத்துக் கையால் கணக்கிடுவது என மூன்றுக்கும் நம்பத்தக்க திசைகாட்டி வேண்டும். பிழை தெரிந்த திசைகாட்டி நல்ல திசைகாட்டி. பிழை எவ்வளவு என்று தெரியாததுதான் ஆபத்து.

வேலைப்பளுவைச் சுட்டிக்காட்டுவோரின் வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆட்கள் குறைந்து காகிதம் பெருகிவிட்ட கப்பலில், பிழையை அளக்கச் சூரியனைப் பார்க்காமலே பதிவேட்டில் எண்ணை நிரப்பும் சபலம் இயல்பு. இதற்கு மருந்து விதியைத் தளர்த்துவது அல்ல. சரிபார்க்கும் முறையை மாற்றுவது. சூரியன் உதிக்கும்போதோ மறையும்போதோ அதன் திசையை ஒரு முறை எடுத்து அட்டவணையோடு ஒப்பிடச் சில நிமிடங்கள் போதும். துறைமுகத்தில் நுழையும்போது இரண்டு வழிகாட்டி விளக்குகள் நேர்கோட்டில் வரும் கணமே இலவசச் சோதனை. வானம் மூடியிருந்தால் ‘வானம் மூடியிருந்தது’ என்று எழுதுவதே நேர்மையான பதிவு. மாதம் முழுவதும் ஒரு நாள்கூட மேகம் வராத பதிவேடுதான் ஆய்வாளரின் சந்தேகத்தை எழுப்ப வேண்டும்.

ஆகவே துறைமுகங்களில் கப்பலைச் சோதிக்கும் அதிகாரிகள் பதிவேட்டின் பக்கங்களைப் புரட்டுவதோடு நிற்காமல், வாட்ச் அதிகாரியைப் பக்கத்தில் நிறுத்தி ஒரு பிழையை எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். இந்தியக் கப்பல் துறை நிர்வாகமும், சென்னை உத்தண்டியில் தலைமையிடம் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகமும் இதைத் தேர்வுக்கான கணக்காக மட்டும் கற்பிக்காமல், பயிற்சி மாலுமி பிரிட்ஜில் தன் கையால் பழகும் வேலையாக்க வேண்டும். கப்பல் நிறுவனங்கள் இதற்கான நேரத்தை வாட்ச் அதிகாரிக்கு ஒதுக்கித் தர வேண்டும். கப்பல்களில் காந்தத் திசைகாட்டியோ, மின்சாரம் தேவைப்படாத வேறு வழியோ இருக்க வேண்டும் என்று கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கை இன்றும் வலியுறுத்துகிறது. சோதிக்கப்படாத திசைகாட்டி அந்த விதியைக் காகிதத்தில் மட்டுமே நிறைவேற்றும்.