பதிவு எண் இல்லாத நோட்டீஸ்கள்

தமிழ்நாடு மாநில மனநல ஆணையத்தின் முதன்மைச் செயல் அலுவலர் அவர்களுக்கு,

செம்பரம்பாக்கத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக ஷிப்ட் ஆட்கள் நிற்கும் இடத்தில் கம்பத்துக்குக் கம்பம் நோட்டீஸ். குடியை மறக்கவைப்பார்களாம், நூறு சதவீதம் கியாரண்டியாம். வர மறுத்தால் வீட்டுக்கே வந்து அழைத்துப்போவார்களாம். கீழே ஒரு செல் நம்பர் மட்டும். மருத்துவர் பெயர் இல்லை, முகவரி இல்லை, உங்கள் ஆணையத்தின் பதிவு எண்ணும் இல்லை.

வீட்டுக்கே வந்து அழைத்துப்போவது என்றால் என்ன? 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் குடிநோய்க்கும் பொருந்தும். சம்மதிக்கும் நிலையில் இல்லாதவரைச் சேர்க்கக்கூட மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். வேனில் நாலு பேர் வந்து தூக்கிப்போவதற்கு அதில் இடமே கிடையாது. சட்டமீறலையே சேவை என்று விளம்பரம் செய்கிறார்கள்.

இன்னொரு ரகம், குடிப்பவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கும் பொடி. அதில் என்ன இருக்கிறதென்று பாக்கெட்டில் போடுவதில்லை. குடிநோய் மருந்தான டைசல்பிராம் இருந்தால்? அது உடம்பில் இருக்கும்போது குடித்தவருக்கு முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரியும். இதயநோயாளி என்றால் உயிரே போகலாம். நோயாளிக்குத் தெரியாமல் அதைக் கொடுக்கவே கூடாது என்பது மருத்துவ விதி. கலக்கிற மனைவிக்கு இதை யார் சொல்வது?

மருந்து விளம்பரங்களுக்கான 1954 சட்டம் நீரிழிவு, புற்றுநோய் என, குணமாக்குவதாக விளம்பரம் செய்யக்கூடாத 54 நோய்களைப் பட்டியலிடுகிறது. குடிநோய் அதில் இல்லை. நுகர்வோர் சட்டத்தில் பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் உண்டு, ஆனால் வெறும் செல் நம்பரின் பின்னால் யார் போவது? பதிவில்லாமல் போதை மீட்பு மையம் நடத்துபவருக்கு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய்தான் அபராதம்.

குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்கே ஏதாவது சிகிச்சை கிடைத்திருக்கிறது என்று எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வு 2019இல் சொன்னது. மீதி 37 பேரின் வீட்டார்தான் நகையை அடகுவைத்துவிட்டு அந்த நம்பருக்குப் போன் போடுகிறவர்கள்.

பதிவு எண்ணும் மருத்துவர் பெயரும் இல்லாத போதை மீட்பு விளம்பரம் எதுவும் செல்லாது என்று உத்தரவிடுங்கள். கியாரண்டி என்ற சொல்லைத் தடைசெய்யுங்கள். அச்சடித்துக் கொடுத்த அச்சகமும் பதில் சொல்லட்டும். பதிவுபெற்ற மையங்களின் பட்டியலை ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை வாயில்களில் தமிழிலும் இந்தியிலும் ஒட்டுங்கள். கூடவே 14446 என்ற கட்டணமில்லா உதவி எண்ணையும். தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற வரியை அதிலேயே பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
செம்பரம்பாக்கம்வாசி ஒருவர்