படுக்கை வீடாகுமா?

"உண்ணச் சோறும் உறங்கப் படுக்கையும் கொடுத்தாயிற்று; இனி உழைத்துப் பிழைப்பதற்கென்ன?" வீடற்றோர் காப்பகத்தைக் கண்டு இவ்வாறு வினவுவோர் பலர். இவ்வினாவில் அறமில்லை.

தாசேக் கெலுகோரில் வாடகை கொடுக்க இயலாது, நீரிணை கடந்து ஜார்ஜ் டவுனில் அடைக்கலம் தேடும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்க. ஆடவர்க்கு ஒரு கூடம், பெண்டிர்க்கு ஒரு கூடம் எனப் பிரிக்கும் காப்பகம் அக்குடும்பத்தை முதல் இரவிலேயே இரண்டாக்கிவிடுகிறது. வேலை கேட்டுச் சென்றாலோ, முகவரி எங்கே என்பர்.

தோட்டத் தமிழர்க்கு இத்துயர் புதிதன்று. வேலையோடு பிணைந்திருந்த லயத்து வீடு, தோட்டம் துண்டாடப்பட்டபோது வேலையோடே போயிற்று.

1977-ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டம், மாஜிஸ்திரேட்டின் ஆணைப்படி ஒருவரை 3 ஆண்டுகள்வரை நலக் காப்பகத்தில் வைக்க இடந்தருகிறது. தக்க வேலை கிடைத்தால் முன்னரே விடுவிக்கலாம் என்கிறது. அனுமதியின்றி வெளியேறினாலோ குற்றம் என்கிறது. உள்ளே இருப்பவர் வெளியே வேலை தேடுவது எங்ஙனம்?

பின்லாந்து 2008-இல் இவ்வரிசையை மாற்றியது. முதலில் வீடு, வேலையும் பிறவும் பின்னர். காப்பகங்கள் பல, நிலையான வாடகைக் குடியிருப்புகளாயின. வீடற்றோர் தொகை பல்லாண்டுகள் குறைந்து வந்தது.

வீடு, உழைப்புக்குப் பின் வழங்கும் பரிசன்று. உழைப்புக்கு முன் வேண்டும் தரை. பூட்டக் கதவும், எழுத முகவரியும், பிள்ளை பாடம் படிக்க ஒரு மூலையும் தாராத அறம் பாதி அறமே. வகுப்பில் முகவரி கேட்கையில் தலைகுனியும் மாணவரை ஆசிரியர் அறிவார். அந்த மௌனத்துக்காகப் பேசவேண்டியவர் யார்?