'மோட்டார் போச்சு' என்று சொல்லுமுன்

ஆணி, கீல், தாழ்ப்பாள், உளி என்று விற்றுக்கொண்டிருந்த ஹார்டுவேர் கடைகளில் இப்போது சிறிய சி.என்.சி. மரச்செதுக்கு மெஷினும் ஒரு சரக்காகிவிட்டது. மேஜை மேல் வைத்துக்கொள்ளும் அளவுதான். கம்ப்யூட்டரில் கொடுக்கும் படத்தை அப்படியே மரத்தில் இழைத்துக் கொடுக்கும். மொத்த வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகளைக் கழித்துவிட்ட நாமும் இதை இறக்கி விற்கிறோம். நம்மிடம் எடுத்துச் சில்லறையில் விற்கும் கடைக்காரர்கள் நமது சங்கத்தில் பலர் உண்டு. குற்றம் சொல்ல அல்ல, நம்மையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறோம்.

இந்த மெஷினில் வருகிற புகார் பெரும்பாலும் ஒன்றுதான். "பாதி வேலையில் அச்சு நின்றுவிடுகிறது" என்பார்கள். எக்ஸ், ஒய், இசட் என மூன்று அச்சுகளில் ஏதோ ஒன்று திணறி உறுமும், அல்லது அசையாமல் நிற்கும். சில மெஷின்களில் 'ஆக்சிஸ் ஸ்டால்' என்று எழுத்தும் வரும். கவுண்டரில் இருக்கும் பையன் அரை நிமிடம் கேட்டுவிட்டு, "மோட்டார் போச்சுண்ணே, புதுசு போட்டுக்குங்க" என்று ஒரு மோட்டாரை எடுத்து வைப்பான். சரக்கு நகர்ந்தது, பில் போட்டாயிற்று. நம் கடையிலும் இதுதான் நடந்துகொண்டிருந்தது.

சென்ற ஆண்டு கார்த்திகையில் வெளியூர்த் தச்சர் ஒருவர் மெஷினைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தார். ஒய் அச்சு நிற்கிறது என்றார். வழக்கப்படி மோட்டார் விற்றோம். நான்காம் நாள் திரும்பி வந்தார். அதே கோளாறு. இடையில் பூவேலை அரை அங்குலம் விலகி இரண்டு தேக்குப் பலகைகள் பாழாகியிருந்தன. "முதலாளி, மோட்டார் காசு போனாப் போகுது. பலகைக் காசை யார் தருவாங்க? தை பொறந்ததும் புது வீட்டுல கதவு நிக்கணும்" என்றார். நம்மிடம் பதில் இல்லை.

அன்றிரவு கடை அடைத்த பிறகு, பக்கத்துப் பட்டறையில் வேலை செய்யும் தம்பியை அழைத்து, கழிவுக் கட்டையில் மெஷினை ஓட்டிப் பார்த்தோம். இருபது நிமிடம் அழகாக ஓடியது. பிறகு ஒய் அச்சு ஒரு வெட்டு வெட்டி நின்றது. தம்பி கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் விரலை வைத்தவன் சுட்டுக்கொண்டு இழுத்தான். உள்ளே இருக்கும் சின்ன ஃபேன் மரத்தூள் அடைத்துச் சுற்றவேயில்லை. மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் சில்லு சூடு ஏறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே கொஞ்ச நேரம் அணைந்துவிடும். ஆறினால் மறுபடி வேலை செய்யும். மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. ஃபேனைச் சுத்தம் செய்து ஓட்டியதும் இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடிற்று. மோட்டார் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம், பலகை விலையில் பாதியையும் ஏற்றுக்கொண்டோம். நாள் போதாமல் மீதிப் பூவேலையை அவர் கையால்தான் செதுக்கி முடித்தார்.

அதன் பிறகுதான் இந்தச் சரக்கைப் பற்றி உட்கார்ந்து தெரிந்துகொண்டோம். இதில் உள்ளவை ஸ்டெப்பர் மோட்டார்கள். ஒரு முழுச் சுற்றை 200 படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியாக நகரும். "நகரு" என்று போர்டு சொல்லும். நகர்ந்ததா என்று பார்ப்பதில்லை. லோடு அனுப்பியதும், கையெழுத்துச் சீட்டு வருமுன்பே, "சேர்ந்தது" என்று கணக்கில் எழுதிவிடும் கணக்குப்பிள்ளையைப் போல. நடுவில் சில படிகள் தவறிப்போனாலும் போர்டுக்குத் தெரியாது. வேலை தொடரும், பூ விலகிப்போகும். கொஞ்சம் விலை கூடிய மெஷின்களில் அச்சு உண்மையில் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் உறுப்பு இருக்கும். சொன்னதும் நகர்ந்ததும் ஒத்துவராவிட்டால் அது நின்று, ஸ்டால் என்று காட்டும். எழுத்துக் காட்டும் மெஷின் மட்டம், காட்டாதது உசத்தி என்று வாடிக்கையாளர்கள் நினைக்கிறார்கள். நேர் தலைகீழ். பலகையைக் காப்பாற்றுவது நின்று சொல்லும் மெஷின்தான். இதை விற்கும்போதே நாம் சொல்ல வேண்டும்.

அச்சு நிற்பதற்குக் காரணம் ஒன்று பாரம் கூடியிருக்கும், அல்லது பலம் குறைந்திருக்கும். பாரம் கூடுவதில் முதல் குற்றவாளி மழுங்கிய பிட். தேக்கில் மணல் சத்து உண்டு, பிட்டைச் சீக்கிரம் தின்றுவிடும். சீவல் விழாமல் மாவாக விழுந்து கருகல் வாடை வந்தால் பிட்டை மாற்ற வேண்டும் என்று பொருள். அடுத்தது ஒரே இழுப்பில் ஆழமாக வெட்டுவது. வளைந்த பலகையும் அப்படித்தான், ஒரு மூலை மேடாக இருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஆழம் இரட்டிப்பாகும். "எப்போதும் வலது மூலையில்தான் நிற்கிறது" என்று ஒருவர் சொன்னால் மெஷினைத் தொடுமுன் பலகையைப் பாருங்கள். இசட் அச்சு நின்றால், நடுவில் வெட்டும் பல் இல்லாத பிட்டை நேராக மரத்தில் இறக்குகிறாரா என்று கேளுங்கள். அது துளைக்காது, முட்டிக்கொண்டு நிற்கும்.

இன்னொன்று நாமே சொல்லிக்கொடுத்த தப்பு. அச்சு இறுகினால் எண்ணெய் விடச் சொல்கிறோம். திறந்திருக்கும் திருகுக் கம்பியில் எண்ணெயும் மரத்தூளும் சேர்ந்து களிம்பாகி, நட்டுக்குள் போய் முன்னைவிட இறுக்கிவிடும். எம்.டி.எஃப். தூளானால் இன்னும் மோசம். பிரஷால் துடைத்து, ஒட்டாத உலர் வகை ஸ்ப்ரே அடிப்பதே சரி. மின்சாரத்தை அணைத்துவிட்டு மூன்று அச்சுகளையும் கையால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நகர்த்திப் பார்த்தால் எங்கே இறுகுகிறது என்று கைக்கே தெரியும்.

பலம் குறைவதில் சூட்டைச் சொன்னோம். வேகமும் பலத்தைக் குறைக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஸ்டெப்பர் மோட்டார் மெதுவாகச் சுற்றும்போதுதான் இழுவை அதிகம், வேகம் ஏற ஏற இழுவை இறங்கும். சீக்கிரம் முடிய வேண்டும் என்று செட்டிங்கில் வேகத்தையும் முடுக்கத்தையும் ஏற்றிவிட்டு, மெஷின் சரியில்லை என்று வருகிறார்கள். வேகத்தைப் பாதியாக்கி ஓட்டச் சொல்லுங்கள். ஓடினால் மோட்டார் நல்ல மோட்டார்.

மோட்டார் சுற்றியும் அச்சு நகராவிட்டால் கப்ளிங்கில் உள்ள சின்ன ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். மோட்டார் தண்டிலும் கப்ளிங்கிலும் சேர்த்து மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு ஓட்டுங்கள். கோடு பிரிந்தால் ஆலன் கீயால் இறுக்குவதோடு வேலை முடிந்தது.

இத்தனையும் பார்த்தும் தீராவிட்டால்தான் மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டும். மின்சாரத்தை அணைத்து, ஒய் மோட்டாரின் வயரை எக்ஸ் இடத்தில் செருகி ஓட்டுங்கள். அங்கே ஓடினால் மோட்டார் நல்லது, கோளாறு போர்டில். அங்கேயும் ஓடாவிட்டால் மோட்டாரோ அதன் வயரோ கெட்டது. (மின்சாரம் இருக்கும்போது வயரை உருவக் கூடாது, டிரைவர் பொசுங்கிவிடும். நம் கடையில் ஒரு போர்டு அப்படிப் போனது.) மீட்டர் இல்லாத கடையிலும் ஒரு சோதனை உண்டு. கழற்றிய மோட்டாரில் ஒரு ஜோடி வயர் முனைகளைச் சேர்த்துப் பிடித்துத் தண்டைத் திருகினால் கெட்டியாக இருக்கும், பிரித்தால் இளகும். இரண்டு ஜோடியிலும் அப்படி இருந்தால் உள்ளே சுருள் அறுந்துபோகவில்லை. சேர்த்தும் கெட்டியாகவில்லையென்றால் அந்த ஜோடி அறுந்தது, தாராளமாகப் புது மோட்டார் விற்கலாம். ஆனால் நம்மிடம் வந்தவற்றில் அப்படி வந்தது மிகச் சொற்பம்.

"ஒரு மெஷினில் கிடைக்கும் லாபத்துக்கு ஒரு மணி நேரம் யார் உட்காருவது?" என்று சில்லறைக் கடைக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கூட்டமான கடையில் ஒரு ஆளை மெஷின் முன்னால் நிறுத்த முடியாது. ஆனால் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'பொருள் பொறுப்பு' என்று தனி அத்தியாயமே இருக்கிறது. உற்பத்தியாளர் சொன்ன எச்சரிக்கைகளையும் வழிமுறைகளையும் வாங்குபவரிடம் சேர்ப்பிக்காத விற்பனையாளரும், அதனால் விளைந்த சேதத்துக்குப் பொறுப்பாளியாகலாம். உற்பத்தியாளர் இன்னார் என்றே தெரியாத சரக்கு என்றால் விற்றவர் தலையில் விடியும். பெட்டியில் பெயருமில்லாமல் விலாசமுமில்லாமல் எத்தனை மெஷின்கள் நம் குடோன்களில் இருக்கின்றன என்று அவரவர் பார்த்துக்கொள்ளட்டும்.

எனவே இந்தச் சுமையை மொத்த வியாபாரிகள் ஏற்பதே முறை என்பது நமது கருத்து. நாலு பெட்டி இறக்குபவர் ஒரு பெட்டியைப் பிரித்து ஓடும் நிலையில் வைத்திருக்கட்டும். ஃபேன், பெல்ட், கப்ளிங், டிரைவர் இவற்றைக் கையிருப்பில் வைக்கட்டும். சில்லறைக் கடைக்காரர் மோட்டார் விற்குமுன் ஒரு போன் செய்யட்டும். சோதித்துப் பார்க்காத மோட்டாருக்கு பில் போடக் கூடாது என்று நம் கடையில் விதி செய்துவிட்டோம். மோட்டார் விற்பனை குறைந்தது உண்மை. அந்தத் தச்சர் இந்தச் சித்திரையில் தம் ஊர்க்காரர் இருவரை அழைத்துவந்து இரண்டு மெஷின் எடுத்துக் கொடுத்தார் என்பதும் உண்மை.

பெட்டியோடு வரும் தாள் ஆங்கிலத்திலோ சீன மொழியிலோ இருக்கிறது. அதை நம் ஊர்த் தச்சர் எவரும் படிப்பதில்லை. மேலே சொன்னவற்றைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு நாம் அனுப்பும் ஒவ்வொரு பெட்டியின் மூடிக்குள்ளும் ஒட்டிவருகிறோம். யாரிடம் சரக்கு எடுத்தவராயினும், வேண்டிய உறுப்பினர்கள் சங்க அலுவலகத்தில் பிரதி வாங்கிக்கொள்ளலாம். காசு வேண்டாம். கீழே கடை முத்திரை வைக்க இடம் விட்டிருக்கிறோம்.