சங்கத்துக் கணக்கும் கணிப்பொறிச் சந்தாவும்

நமது சங்கங்களின் வரவு செலவுத் திட்டத்தில் அண்மைக் காலமாகப் புதியதொரு செலவினம் இடம் பெற்று வருகின்றது. கடிதம் எழுதவும் பட்டியல் போடவும் பயன்படும் கணிப்பொறி மென்பொருளுக்கான ஆண்டுச் சந்தாவே அது. தொகை பெரிதன்று என்று கருதி நிர்வாகக் குழுவினர் வினா எழுப்பாமல் அதனை நிறைவேற்றி விடுகின்றனர். ஆயினும் இச்செலவு தேவைதானா என்பதை அங்கத்தினர் யாவரும் ஆராய வேண்டும் என்பது நமது கருத்து.

நூலும் பாவும் முதலாளியிடம், உழைப்பு மட்டும் நெசவாளியிடம் என்றிருந்த நிலையை மாற்றவே நெசவாளர் சங்கங்கள் தோன்றின. வட்டிக்குக் கடன் பெற்று, விளைச்சலைக் கேட்ட விலைக்கு விற்ற உழவரைக் காக்கவே வேளாண்மைச் சங்கங்கள் தோன்றின. கருவி நம்முடையதாயிருக்க வேண்டும் என்பதே இவ்வியக்கத்தின் உயிர்நாடி. சந்தா மென்பொருளின் இயல்போ வேறு. மைக்ரோசாப்ட் 365 போன்றவற்றில் சந்தா தீர்ந்து புதுப்பிக்காவிடில் பழைய கோப்பைப் பார்க்கலாம், அச்சிடலாம், திருத்த இயலாது. தறி நம் வீட்டில் இருக்க, அதனை ஓட்டும் உரிமை பிறரிடம் இருப்பதை இது ஒக்கும்.

இச்செலவுக்கு அஞ்சி உரிமமில்லாத பிரதியைப் பயன்படுத்துவோரும் உளர். இது பிறர் உடைமையைக் கவர்வதாகும். இத்தகைய பிரதிகளுடன் தீய நிரல்களும் புகுந்து கணக்கு முழுவதையும் பாழாக்கக் கூடும். பொதுப் பணத்தைக் காக்கும் சங்கத்திற்கு இவ்வழி ஏற்றதன்று.

நேர்மையும் சிக்கனமும் ஒருங்கே அமைந்த வழி ஒன்று உண்டு. அது லிப்ரே ஆபீஸ் என்னும் கட்டற்ற மென்பொருள். ஜெர்மனியில் உருவான ஸ்டார் ஆபீஸ் என்பதை 1999-இல் வாங்கிய சன் நிறுவனம், 2000-இல் அதன் மூல நிரலை உலகிற்குத் திறந்துவிட்டது. ஓப்பன் ஆபீஸ் என்று வழங்கிய அதிலிருந்து, 2010-இல் தொண்டர்கள் கிளைத்து உருவாக்கியதே லிப்ரே ஆபீஸ். கடிதம் எழுத ரைட்டர், கூலிப் பட்டியலும் இருப்புப் பட்டியலும் போடக் கால்க் என இதில் பகுதிகள் உள. எத்தனை கணிப்பொறியிலும் பதியலாம். அண்டைச் சங்கத்திற்கும் வழங்கலாம். மணிலா விதையை எடுத்து வைத்து விதைத்து, அடுத்தவருக்கும் அளிக்கும் உழவருக்கு இம்முறை புதிதன்று. இதன் கோப்பு வடிவம் 2006-இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. எனவே இன்றைய கணக்கை இருபதாண்டு கழித்துப் படிக்கவும் எந்த ஒரு நிறுவனத்தையும் சார்ந்திருக்க வேண்டுவதில்லை.

நம் மாநிலத்திற்கும் இது புதிதன்று. சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராயிருந்த காலத்தில், 2006, 2007-ஆம் ஆண்டுகளை ஒட்டி, எல்காட் நிறுவனம் தன் கணிப்பொறிகளைச் சூசே லினக்சுக்கும் ஓப்பன் ஆபீசுக்கும் மாற்றிற்று. எனினும் அம்மாற்றம் எல்லா அலுவலகங்களிலும் வேரூன்றவில்லை. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சியும் பல்லாண்டு கட்டற்ற மென்பொருளைக் கையாண்டபின், 2017-இல் பழைய வழிக்குத் திரும்ப முடிவு செய்தது. அதே நாட்டின் சிலெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலமோ சுமார் 30,000 கணிப்பொறிகளை லிப்ரே ஆபீசுக்கு மாற்ற 2024-இல் தீர்மானித்தது. கருவி நல்லதாயிருப்பது மட்டும் போதாது. கையாள்வோர் பழகவும் வேண்டும் என்பதே இவற்றால் நாம் பெறும் பாடம்.

இடர்ப்பாடுகளையும் மறைத்தல் ஆகாது. பழைய கோப்புகளைத் திறக்கும்போது பக்க அமைப்பு சிறிது குலையலாம். மேக்ரோ எனப்படும் தானியங்கு கட்டளைகள் சில இயங்காமற் போகலாம். பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சிட்டவை, அவ்வெழுத்துரு இல்லாவிடில் எந்த மென்பொருளிலும் வெறுங் குறிகளாகவே தோன்றும். ஆதலின், தமிழக அரசு 2010-இல் தரமாக ஏற்ற யூனிகோடு முறையிலேயே இனி எழுதுதல் நலம்.

நம் விருத்தாசலத்தில் பெற்ற 12,000 பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்த வரலாற்றை அறியாதார் இலர். ஆற்றில் இடுமுன் அவர் மச்சமாகச் சிறிது பொன்னை வெட்டி வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன்னை அதனோடு ஒப்பிட்டு மாற்றுப் பார்த்தார். நாமும் அவ்வாறே செய்வோமாக. பழைய கோப்புகள் அனைத்திற்கும் முதலில் படியெடுத்து வைத்தல் வேண்டும். பின்னர் ஒரு மாதத்துக் கூலிப் பட்டியலைப் புதிய மென்பொருளில் போட்டு, கூட்டுத்தொகைகள் பழையவற்றோடு ஒத்துள்ளனவா எனச் சரிபார்த்தல் வேண்டும். ஒத்த பின்னரே அடுத்த ஏட்டைத் தொடுதல் முறை. பச்சைப் பண்டத்தைச் சூளையிலிட்டு ஒரே மூச்சில் சூடேற்றினால் வெடித்துவிடும் என்பதை நம்மூர்ப் பீங்கான் தொழிலாளர் நன்கறிவர்.

மிச்சமாகும் சந்தாத் தொகை எழுத்தரின் பயிற்சிக்கே செல்ல வேண்டும் என்று வற்புறுத்துகின்றோம். பழகாதவர் கையில் புதிய கருவியைத் தந்துவிட்டுப் பின்னர் அவரைக் குறை கூறுதல் அறமாகாது. அடுத்த பொதுச்சபையில் சந்தா பற்றிய இனம் வாசிக்கப்படும்போது, அங்கத்தினர் ஒருவரேனும் எழுந்து, "இதற்கு மாற்று ஆராயப்பட்டதா?" என்று வினவுவாராக. கணக்கு நம்முடையது, அதனை எழுதும் கோலும் நம்முடையதாகவே இருத்தல் வேண்டும்.